இயந்திர வேலை முடித்த பழைய ஸ்டேஷன் வேகனை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயின்ட் அடித்த வண்டி பத்தடி தள்ளி நின்றாலே பளிச்சென்று தெரியும். புது பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் அப்படியல்ல, உள்ளே மூடிக் கிடக்கும். பழைய ஸ்டேஷன் வேகனுக்கு, அதாவது கூரை பின்கதவு வரை நீண்டு சாமான் இடத்தையும் மூடும் காருக்கு, இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் என்று செலவழித்துவிட்டு விற்க நிற்பவரின் சங்கடமே இதுதான்.

விளம்பரத்தில் "முழுமையாகப் புதுப்பித்தது" என்று போடுவதில் தொடங்குகிறது தவறு. அதை நம்பி வருபவர் கதவின் அடிவிளிம்பில் துருவைப் பார்த்தால், இன்ஜினைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நம்பமாட்டார். "இயந்திர வேலை முடிந்தது, பாடியும் சீட்டும் பழையபடியே" என்று எழுதுங்கள். துரு இருக்கும் இடத்தையும் கிட்டப்போய்ப் படமெடுத்துப் போடுங்கள்.

வேலை முடிந்த கையோடு விற்காதீர்கள். 500 முதல் 1,000 கி.மீ. வரை ஓட்டிவிட்டு விற்பது நல்லது. ரிங் படிவதும், பெல்ட் தளர்வதும், ஹோஸ் கிளிப் கசிவதும் பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள்தான். முதல் ஆயிலில் உலோகத் துகள் இருக்கும். ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"இன்ஜின் சூப்பர் கண்டிஷன்" என்பதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். அளந்த எண்ணைக் கொடுங்கள். இன்ஜின் சூடானதும் எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழலவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 150, 148, 152, 147 பி.எஸ்.ஐ. என்று நெருக்கமாக வந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விளம்பரத்தை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். சிலிண்டர் துளையை (போர்) கடைந்து எவ்வளவு பெரிதாக்கினார்கள் (ஓவர்சைஸ்) என்று லேத் பட்டறை ரசீதில் இருக்கட்டும். கழற்றிய பழைய பேரிங்குகளைத் தூக்கி எறியாதீர்கள். தேய்ந்த துண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், பிறகு பேச்சே வேறு மாதிரி போகும்.

ஆள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். விவரம் தெரிந்தவர் முதலில் பானெட்டில்தான் கை வைப்பார். வால்வு சீல் தேய்ந்திருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் சில நொடி நீலப் புகை வரும். குளிர்ந்த இன்ஜின் கிளம்ப உதவும் சோக் சரியில்லை என்றாலும் அப்போதுதான் தெரியும். அவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யுங்கள்.

விற்பனைக்கு முந்தின வாரம் அடிப்பக்கம் கருப்பு கோட்டிங் அடிப்பதும் இதே ரகம். நல்ல தகடையும் சந்தேகப்பட வைக்கும்.

வேகனுக்கென்றே உள்ள தவறு, பின்பாதியைக் கவனிக்காமல் விடுவது. முன்பக்க சஸ்பென்ஷனை மாற்றிவிட்டு, சாமான் ஏற்றி ஏற்றித் தொய்ந்த பின் ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். குடும்ப வண்டி வாங்க வருபவர் நாலைந்து பேரோடு வருவார். எல்லோரும் ஏறியதும் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருக்கும். கார்பெட்டைத் தூக்கி நீங்களே காட்டுங்கள். பின்கதவு கீல் அருகே மடங்கி மடங்கி ஒயர் அறுந்திருக்கும், நம்பர் பிளேட் விளக்கு எரியாது.

பின்கதவு ரப்பர் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. ஓடும் வேகனின் தட்டையான முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை சுழன்று நிற்கும். ரப்பர் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால் அந்தப் புகை, மணமே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடோடு, பின்சீட்டுக் குழந்தைகளிடம் வந்துவிடும். ஒரு தாள் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் அடைப்பு இல்லை. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிப் பாருங்கள்.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, நிறைய இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் 2314 என்று இருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதை நல்ல டயர் என்று எழுத முடியாது.

ரசீதுகளைக் கூட்டி விலை வைக்காதீர்கள். இயந்திர வேலைக்குப் போட்ட பணம் முழுசாகத் திரும்புவது அபூர்வம். அதே மாடல், அதே நிலையில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு.

இன்ஜினையே மாற்றியிருந்தால் அதன் எண் பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று விளம்பரத்துக்கு முன்பே பாருங்கள். பேரம் முடிந்து பெயர் மாற்றும்போது இது தெரிந்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள்.