களைக்கொல்லி போட்டா மடையை அடைங்க, மிச்சத்தை வெயிலும் கொஞ்சம் பாத்துக்கும்

நெல் நடவு முடிஞ்சு 3, 4 நாள்ல பூட்டாகுளோர்ங்கிற களைக்கொல்லியை மணல்ல கலந்து தூவுறோம்ல, அதுல தண்ணில நிக்கிற பங்கை வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும், தண்ணில கரைஞ்சிருக்குற நைட்ரேட்டும் (தழைச்சத்தோட ஒரு வடிவம்) வெயில் பட்டா இந்த வேலைக்குக் கைகொடுக்கும். ஆனா தண்ணி கலங்கலா இருந்தாலோ பாசி மூடிருந்தாலோ எல்லாம் மந்தம்தான். சேத்துக்குள்ள சொல்லவே வேணாம், வெளிச்சம் மேலாப்புலயே நின்னுரும், அங்க நுண்ணுயிர்தான் பாத்துக்கணும். அதனால மருந்து போட்டு 2, 3 நாளைக்கு மடையை அடைச்சு ஒரு இஞ்ச் தண்ணி நிறுத்தி வைங்க, அவசரப்பட்டு வடிச்சா களையும் சாகாது, மருந்து உடையாம அப்படியே வாய்க்காலுக்குப் போயிரும், பூட்டாகுளோர் மீனுக்கு ரொம்ப விஷம்ங்க (குளத்துல மீன் விட்டவங்ககிட்ட திட்டு வேற வாங்கணும்).