ஃபுல் சஸ்பென்ஷன் எக்ஸ்.சி. சைக்கிள்: ஃபிரேம் அளவைப் படிப்பதும் ஓட்டத்தைச் சரிசெய்வதும்

எக்ஸ்.சி. என்றால் கிராஸ் கன்ட்ரி, மண்ணும் கல்லுமான தடத்தில் ஏறி இறங்கும் ஓட்டம். ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் முன்னால் ஃபோர்க், பின்னால் ஷாக் என இரு பக்கமும் அமுங்கிக் கொடுக்கும் சைக்கிள். ஃபிரேமின் அளவு அட்டவணையில் இருக்கும் கோணங்களெல்லாம் ஆள் ஏறாத சைக்கிளுக்கு உரியவை. சுவரில் சாய்த்து வைத்திருக்கும்வரை அவை உண்மை. ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் 30 மி.மீ., முன்பக்கம் 20 மி.மீ. அளவுக்கு அமுங்கும், ஹெட் ஆங்கிள் (ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்வு), சீட் ஆங்கிள் (சீட் குழாயின் சாய்வு), பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் அச்சு) உயரம் மூன்றும் மாறிவிடும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைகிறது, வளைவில் வழுக்குகிறது என்றால் ஃபிரேமைக் குறை சொல்லும் முன் இந்த அமுங்கலை (ஓட்டுகிறவர்கள் ‘சேக்’ என்பார்கள்) அளந்து பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

ஒரு உதாரணம். முன்னும் பின்னும் 120 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம்), 29 அங்குலச் சக்கரம், லார்ஜ் சைஸ். அட்டவணைப்படி ஹெட் ஆங்கிள் 67 டிகிரி, சீட் ஆங்கிள் 76 டிகிரி, செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுவரை) 435, வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே) 1180, பாட்டம் பிராக்கெட் உயரம் 335 மி.மீ. இன்றைய எக்ஸ்.சி. சைக்கிளுக்கு இது நடுவாந்தரமான கணக்கு. 1990-களில் 71 டிகிரி ஹெட் ஆங்கிள்தான் வழக்கம். பந்தயத் தடங்களில் பாறையும் வேரும் செங்குத்து இறக்கமும் கூடக்கூட அது படுத்துக்கொண்டே வந்தது.

இந்தச் சைக்கிளில் ஒருவர் சரியாகக் காற்றடித்து, பின்னால் 25 சதவீதம் (சக்கரத்தில் 30 மி.மீ.), முன்னால் 15 சதவீதம் (18 மி.மீ.) அமுங்கும்படி வைக்கிறார். ஃபோர்க் சாய்ந்திருப்பதால் அந்த 18 மி.மீ. செங்குத்தாக 17-க்குள்தான். பின்பக்கம் 13 மி.மீ. கூடுதலாக இறங்குவதால் சைக்கிள் 0.6 டிகிரி பின்னோக்கிச் சாயும். ஹெட் ஆங்கிள் 66.4 ஆகும், பாட்டம் பிராக்கெட் 310-க்கு வரும். இதை மனதில் வைத்துத்தான் ஃபிரேமை வடிவமைத்திருக்கிறார்கள்.

இன்னொருவர் அதே சைக்கிளில் ‘மெத்து மெத்தென்று இருக்கட்டும்’ என்று ஷாக்கில் காற்றைக் குறைத்து 35 சதவீதமாக்குகிறார். ஃபோர்க் குத்திட்டு அமுங்குகிறதே என்று அதில் காற்றை ஏற்றி 10 சதவீதமாக்குகிறார். சாய்வு இப்போது 1.5 டிகிரி. ஹெட் ஆங்கிள் 65.5, சீட் ஆங்கிள் 74.5, பாட்டம் பிராக்கெட் 305-க்கும் கீழே. முதலாமவரோடு ஒப்பிட்டால் சீட் 10 மி.மீ. பின்னால் போயிருக்கிறது. ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சரியும். முன்சக்கரம் இலேசாகி அங்குமிங்கும் அலையும், பெடல் கல்லில் இடிக்கும். இவர் ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) மாற்றினாலும் ஹேண்டில்பார் மாற்றினாலும் தீராது.

அளக்கத் தொடங்கும் முன்

ஷாக் பம்ப், மில்லிமீட்டர் டேப், நேரான ஸ்டீல் ஸ்கேல், கோணம் காட்டும் ஆப் உள்ள போன், நூலில் ஒரு நட்டைக் கட்டிய தூக்குக்குண்டு, துணைக்கு ஓர் ஆள். இவ்வளவு போதும்.

முதலில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்பின் ஆட்டினால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) லூஸ் தெரியும். சீட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் ஷாக் புஷ்ஷோ, பின் ஃபிரேமின் மூட்டுகளில் உள்ள பிவட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. வளைவில் பின்பக்கம் தானாகத் திரும்புவதுபோல் தோன்றுவதற்கு இந்தத் தேய்மானமே காரணமாக இருக்கலாம். அடுத்து டயர். 70 கிலோ ஆளுக்கு 2.3 அல்லது 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் 20 பி.எஸ்.ஐ. பக்கம் தொடங்கி, முன்டயரில் 1 அல்லது 2 குறைத்து வையுங்கள். 2 பி.எஸ்.ஐ. வித்தியாசம் அரை டிகிரி கோண மாற்றத்தையே மறைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே கேஜில் அளப்பது முக்கியம்.

அமுங்கலை வைப்பது

ஷாக், ஃபோர்க் இரண்டின் லாக் லீவரையும் திறந்த நிலையில் வையுங்கள். ஹெல்மெட், ஷூ, தண்ணீர், பை என ஓட்டும்போது இருக்கும் முழு எடையோடு ஏறுங்கள்.

ஷாக்கில் 50 பி.எஸ்.ஐ. வீதம் காற்றேற்றி, ஒவ்வொரு தடவையும் பம்பைக் கழற்றிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை பாதித் தூரம் மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே எதிர்ப்புற அறையிலும் காற்று சமமாக நிரம்ப வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த அளவு பொய். பாதி வழி ஓட்டியதும் மாறிவிடும். பம்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று வருவது பெரும்பாலும் ஹோஸில் இருந்த காற்றுதான், பதற வேண்டாம். மறுபடி மாட்டினால் முள் குறைத்துக் காட்டுவதும் காற்று ஹோஸை நிரப்புவதால்தான்.

சுவரில் ஒரு முழங்கையை ஊன்றி, கிராங்க் கிடைமட்டமாக, பெடல் போடும் தோரணையில் உட்காருங்கள். துணையாள் ஓ-ரிங்கை (ஷாக் தண்டில் நகரும் ரப்பர் வளையம்) சீல்வரை தள்ளிவிடட்டும். குலுங்காமல் இறங்கி அளந்து பாருங்கள். 45 மி.மீ. ஸ்ட்ரோக் (ஷாக் தண்டு உள்ளே போகும் மொத்தத் தூரம்) உள்ள ஷாக் என்றால் 20 சதவீதத்துக்கு 9 மி.மீ., 25-க்கு 11 மி.மீ. ஃபோர்க்கை அதே தோரணையில் 15 சதவீதத்துக்கு வைத்து, பிறகு பெடலில் எழுந்து நின்று அளந்தால் 20-ஐ ஒட்டி வரவேண்டும். டிராவல் எத்தனை மி.மீ. என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபோர்க் குழாயின் வெளியே தெரியும் நீளம் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இனி கோணம். போனைத் தரையில், சக்கரங்கள் நிற்கும் அதே திசையில் வைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கழிக்க வேண்டும். ஹெட் டியூப் கீழே பருத்திருப்பதால் அதில் போனை வைத்தால் தப்பாகக் காட்டும். ஃபோர்க்கின் மேல்குழாயில் ஸ்கேலை ஒட்டிப் பிடித்து, அதன்மேல் போனை வைத்து அளந்தால் ஸ்டீரிங் அச்சின் கோணம் கிடைக்கும். காலியாக ஒரு முறை, ஆள் உட்கார்ந்து ஒரு முறை. வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டினால் முன்னும் பின்னும் பொருந்தவில்லை.

எந்த எண் என்ன செய்கிறது

ஹெட் ஆங்கிளைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. ஃபோர்க் ஆஃப்செட்டோடு (ஸ்டீரிங் அச்சுக்கு முன்னால் சக்கர அச்சு தள்ளியிருக்கும் தூரம்) சேர்த்து ட்ரெயில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஸ்டீரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையில் படும் புள்ளிக்கும் உள்ள தூரமே ட்ரெயில். சக்கரத்தின் ஆரம் 370 மி.மீ. என்று வைத்தால், 70 டிகிரியும் 46 ஆஃப்செட்டும் சேர்ந்து 86 மி.மீ. தரும். 67 டிகிரியில் 51 ஆஃப்செட்டுக்கு 102, 44-க்கு 109. ட்ரெயில் கூடினால் வேகத்தில் நிலையாக நிற்கும். நடைவேகத்தில் ஹேண்டில் ஒரு பக்கமாக விழப் பார்க்கும். ஊசி வளைவு ஏற்றத்தில் இது கையில் நன்றாகத் தெரியும். ஃபோர்க்கை மாற்றுகிறவர்கள் டிராவலை மட்டும் பார்த்து ஆஃப்செட்டை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

செயின்ஸ்டேயும் வீல்பேஸும் சேர்ந்து எடைப் பங்கீட்டைச் சொல்லும். பெடலில் நிற்பவரின் எடை முழுக்க பாட்டம் பிராக்கெட் மேல் இருந்தால், முன்சக்கரத்துக்குப் போவது 435-ஐ 1180-ஆல் வகுத்த பங்கு, அதாவது 37 சதவீதம். எக்ஸ்எல் ஃபிரேமில் வீல்பேஸ் 1215 ஆகி, செயின்ஸ்டே மாறாவிட்டால் 36-க்குக் கீழே இறங்கும். உயரமானவர்கள் சமதள வளைவில் முன்டயர் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். அவர்கள் வேண்டுமென்றே முன்னால் சாய்ந்து ஓட்ட வேண்டும், ஹேண்டில்பாரையும் தாழ்த்தி வைக்க வேண்டும்.

சீட் ஆங்கிளில் ஒரு சூது உண்டு. ஷாக்குக்கு இடம்விட சீட் டியூபை வளைத்திருப்பார்கள் அல்லது முன்தள்ளி வைத்திருப்பார்கள். அட்டவணையில் 76 என்றிருப்பது ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மட்டும். சீட் போஸ்ட்டை அதற்கு மேலே ஏற்ற ஏற்ற சீட் பின்னால் போகும். உங்கள் சீட் உயரத்தில் பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து சீட் முனை எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதைத் தூக்குக்குண்டு விட்டு அளந்துகொள்ளுங்கள். அட்டவணை எண்ணைவிட இதுவே உதவும்.

குறையும் கைவைக்கும் வரிசையும்

ஏற்றத்தில் முன்சக்கரம் அலைந்தால், முதலில் பின் அமுங்கல். 25-க்கு மேல் இருந்தால் 22-க்குக் கொண்டுவாருங்கள். அடுத்து சீட்டை 5 மி.மீ. முன்னே தள்ளலாம், முட்டி நோக ஆரம்பித்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுங்கள். பிறகு ஸ்டெம்முக்குக் கீழுள்ள ஸ்பேசர் வளையங்களில் 10 மி.மீ. எடுத்து மேலே போடுங்கள்: பிடி 9 மி.மீ. தாழும், 4 மி.மீ. முன்னே போகும். டாப் கேப்பை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, அதன் பிறகே ஸ்டெம் போல்ட்டுகளை அதில் பொறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் இது 5 நியூட்டன் மீட்டர்.

வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் ஃபோர்க்கில் காற்று அதிகமா என்று பாருங்கள், 3 பி.எஸ்.ஐ. வீதம் குறையுங்கள். அப்புறம் பார் உயரம். ஸ்டெம்மை 70-லிருந்து 50-ஆகக் குறைத்தால் திருப்பம் சுறுசுறுப்பாகத் தோன்றும், ஆனால் முன்டயரில் எடை குறையும். இந்தக் குறையை அது கூட்டவே செய்யும்.

செங்குத்து இறக்கத்தில் ஃபோர்க் முழுக்க அமுங்கி ஆளைக் கவிழ்க்கப் பார்த்தால் காற்றை ஏற்றாதீர்கள். தொடக்க அமுங்கலும் போய்விடும். ஒரு வால்யூம் ஸ்பேசர் (ஃபோர்க்கின் காற்றறையைச் சிறிதாக்கும் துண்டு) போடுங்கள், அல்லது லோ ஸ்பீடு கம்ப்ரஷனை (மெதுவான அமுங்கலுக்கான தடை) இரண்டு கிளிக் கூட்டுங்கள். பின் ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகம்) அதிவேகமாக இருந்தாலும் இதே உணர்வு வரும்: கல்லில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் துள்ளி ஆளை முன்னே தள்ளும்.

பெடல் இடித்தால், அமுங்கலைச் சரிசெய்த பிறகும் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபிளிப் சிப்பை (சஸ்பென்ஷன் இணைப்பில் திருப்பிப் போடக்கூடிய சிறு துண்டு) உயர் நிலைக்கு மாற்றுங்கள். பல ஃபிரேம்களில் அது ஹெட் ஆங்கிளை அரை டிகிரி நிமிர்த்தி, பாட்டம் பிராக்கெட்டை 5 மி.மீ. அளவுக்குத் தூக்கும். 175 கிராங்கை 165 ஆக்கினால் தரை இடைவெளி 10 மி.மீ. கூடும், கால் நீட்டம் மாறாமலிருக்க சீட்டையும் 10 மி.மீ. உயர்த்த வேண்டும்.

100 மி.மீ. ஃபோர்க்குக்குப் பதில் 120 போடும் ஆசை பலருக்கு உண்டு. ஹெட் ஆங்கிளும் சீட் ஆங்கிளும் 0.9 டிகிரி படுக்கும், பாட்டம் பிராக்கெட் 7 மி.மீ. உயரும், ரீச் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் டியூப் மேல்முனைவரை உள்ள கிடைமட்டத் தூரம்) 10 மி.மீ. குறையும். இறக்கத்துக்கு ஆதாயம், ஏற்றத்துக்கு நஷ்டம். ஃபிரேம் கம்பெனி அந்த நீளத்தை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாரன்ட்டி போகும், ஹெட் டியூபில் சுமையும் ஏறும்.

ஏற்றம், சமதள வளைவு, கல் இறக்கம் மூன்றும் உள்ள ஐந்து நிமிடச் சுற்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து இரண்டு சுற்று ஓட்டுங்கள். காற்று, ரீபவுண்ட் கிளிக், ஸ்பேசர், சீட் இடம் எல்லாவற்றையும் எழுதிவைத்து, சந்தேகம் வந்தால் மூன்றாவது சுற்றைப் பழைய அளவிலேயே ஓட்டிப் பாருங்கள்.