நள்ளிரவில் பிள்ளைக்குக் காதுவலி: விடியும் வரை வீட்டில் செய்ய வேண்டியவை

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் புதுச்சேரியிலும் கடலூரிலும் சளி பிடிக்காத பிள்ளை உள்ள வீட்டைக் காண்பது அரிது. சளி மூன்று நான்கு நாளில் குறையத் தொடங்கிவிட்டது என்று நாம் நிம்மதியாகப் படுத்த பிறகு, நள்ளிரவில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு எழுந்தால், அது பெரும்பாலும் நடுக்காதில் ஏற்பட்ட தொற்றாகவே இருக்கும். பகலில் ஓடியாடி விளையாடிய பிள்ளைக்கு இரவில் மட்டும் வலி கூடுவதற்குக் காரணம், படுத்த நிலையில் காதுக்குள் அழுத்தம் ஏறுவதுதான். அந்த வேளையில் மருத்துவரும் கிடைப்பதில்லை, தெருமுனை மருந்துக்கடையும் திறந்திருப்பதில்லை.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு அது நீளமாகவும் சரிவாகவும் இருப்பதால் நடுக்காதில் சேரும் நீர் எளிதில் வடிந்துவிடும். குழந்தைகளுக்கோ அது குட்டையாகவும் குறுகலாகவும் ஏறத்தாழ மட்டமாகவும் இருக்கிறது. சளியால் அந்தக் குழாய் வீங்கி அடைபடும்போது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, அதில் கிருமிகள் பெருகி, செவிப்பறை வெளிப்புறமாகப் புடைக்கிறது. அந்தப் புடைப்பே வலி. 6 மாதத்திலிருந்து 2 வயது வரையான குழந்தைகளுக்கு இது அடிக்கடி வருவதற்கும் இந்த அமைப்பே முதன்மைக் காரணம்.

இந்தத் தொற்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று நாட்களுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு, ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், முதல் 24 மணி நேரத்திலேயே வலி தணிந்துவிடுகிறது. ஆகவே அன்றிரவு பெற்றோர் காதைக் குணப்படுத்த முயல வேண்டியதில்லை. வலியைத் தணிப்பதும், ஆபத்தின் அறிகுறி தென்படுகிறதா என்று கவனிப்பதுமே அவர்கள் வேலை.

வலி காதில்தானா?

பேசத் தெரிந்த பிள்ளை "காது குத்துது" என்று சொல்லிவிடும். கைக்குழந்தை சொல்லாது. இரண்டு மடக்கு பால் குடித்ததும் வாயை எடுத்துக்கொண்டு அழுவதும், தோளில் சாய்த்திருக்கும்வரை அமைதியாக இருந்து படுக்க வைத்த உடனே கதறுவதும், சளியோடு சேர்ந்து காய்ச்சலும் இருப்பதும் காதைச் சுட்டும் அடையாளங்கள். காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தூக்கம் வந்தாலும் பல் முளைத்தாலும் குழந்தைகள் காதை இழுப்பதுண்டு.

காது மடலை மெதுவாக அசைத்தாலோ, காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு மேட்டை அழுத்தினாலோ பிள்ளை துடித்தால், தொற்று வெளிக்காதில் இருக்கலாம். தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையிலோ பம்புசெட்டுத் தொட்டியிலோ நெடுநேரம் குளித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இது வரும். இதற்கு மருத்துவர் வேறு சொட்டு மருந்து தருவார். சொத்தைப் பல், தொண்டைப் புண், காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கும் பொன்னுக்கு வீங்கி ஆகியவையும் காதுவலியாகவே தோன்றலாம். டார்ச் வெளிச்சத்தில் காதின் வாயை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மணியோ புளியங்கொட்டையோ தெரிந்தால் எடுக்க முயலாமல் காலையில் மருத்துவரிடம் செல்லலாம். பொம்மையிலோ கடிகாரத்திலோ இருக்கும் பொத்தான் பேட்டரி உள்ளே போயிருந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, எந்தச் சொட்டு மருந்தும் விடக் கூடாது, ஏனெனில் அது சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும்.

உடனே கிளம்ப வேண்டிய நிலைமைகள்

பிறந்து 3 மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த வயதில் வீட்டு மருத்துவம் என்ற பேச்சே கூடாது. எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் வீக்கமோ சிவப்போ ஏற்பட்டுத் தொட்டால் வலித்தாலும், காது மடல் முன்புறமாகத் தள்ளிக்கொண்டு நின்றாலும், முகம் ஒருபக்கம் கோணினாலும், கழுத்து விறைத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாத அளவுக்குச் சோர்ந்து கிடந்தாலும், நடை தள்ளாடினாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்துச் சிறுநீர் கழிப்பது குறைந்தாலும் அதே விதிதான். இவற்றுள் காதுக்குப் பின் வரும் வீக்கத்தைச் சிலர் நெறி கட்டியிருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். தொற்று எலும்புக்குப் பரவியதன் அடையாளமாக அது இருக்கக்கூடும் என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையும் கோரிமேடு ஜிப்மரும், கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன. வண்டி இல்லையென்றால் 108.

வலி மருந்து: வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள்

காதுவலிக்கு முதல் மருந்து பாராசிட்டமால். காய்ச்சல் இல்லாவிட்டாலும் வலிக்காக அதைக் கொடுக்கலாம். "உடம்பு சுடவில்லையே, எதற்கு மருந்து" என்று பிள்ளையை அழ விடுவதில் பொருளில்லை. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. 4 முதல் 6 மணி நேர இடைவெளி விட வேண்டும். 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது.

பெரும்பாலான தவறுகள் புட்டியின் அட்டையைப் படிக்காததால்தான் நேர்கின்றன. நம் கடைகளில் ஒரே பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வீரியங்களில் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 150 மில்லிகிராம் தேவை என்று வைத்துக்கொண்டால், 125 சிரப்பில் அது 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் வெறும் ஒன்றரை மில்லி. "ஒரு மூடி கொடுங்கள்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பிச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால், அந்தப் பிள்ளைக்குப் போவது 500 மில்லிகிராம், மூன்று வேளை மருந்துக்கும் அதிகம். என் வீட்டிலேயே ஒருமுறை, வழக்கமாக வாங்கும் சிரப் தீர்ந்துபோய்க் கடைக்காரர் மாற்றிக் கொடுத்த புட்டி இருமடங்கு வீரியம் உள்ளது என்பதை மூடியைத் திறந்த பிறகுதான் கவனித்தேன். அதுமுதல் பிள்ளையின் எடையையும் கொடுக்க வேண்டிய மில்லி அளவையும் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன். சமையலறைக் கரண்டி வேண்டாம். மருந்தோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். கொடுத்த நேரத்தையும் எழுதி வையுங்கள், ஏனெனில் தூக்கக் கலக்கத்தில் அம்மா ஒருமுறையும் அப்பா ஒருமுறையும் கொடுத்துவிடுவது நடக்கக்கூடியதே.

மருந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அழுகை நிற்கவில்லை என்று இன்னொரு வேளை கொடுக்கக் கூடாது.

ஐபுப்ரோஃபெனும் காதுவலிக்கு நன்றாகக் கேட்கும் மருந்துதான். ஆனால் நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. காதுத் தொற்று மிகும் இந்த மழைக்காலமே டெங்குவின் காலமும் ஆகும். டெங்கு இருக்கும்போது ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவை மிகுதிப்படுத்தக்கூடும். ஆகவே காய்ச்சலும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்கு வீட்டில் ஒருபோதும் தரக் கூடாது. சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும். இருமல், சளி சிரப்புகளை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவுறுத்தியும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் மழைக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இங்கே எத்தனை தெருக்களில் வீட்டு வாசலைத் தாண்ட முடிந்தது என்பது நமக்குத் தெரியும்.

ஒத்தடம், இருப்பு, உணவு

மருந்து வேலை செய்யும்வரை ஒத்தடம் கைகொடுக்கும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, சொட்டுச் சொட்டாத அளவுக்கு நன்கு பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகு, பிள்ளையின் காதின் மேல் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். உப்பையோ தவிட்டையோ வறுத்து முடிச்சுக் கட்டி ஒத்தடம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த முடிச்சின் சூடு சீராக இருப்பதில்லை, குழந்தையின் மெல்லிய தோல் வெந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிள்ளையைத் தோளில் சாய்த்தோ மடியில் நிமிர்த்தியோ வைத்துக்கொண்டால் வலி குறையும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு தலையணை கூடுதலாக வைக்கலாம்; ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தலையணையே கூடாது, மூச்சுத் திணறும். தாய்ப்பாலைக் குழந்தையின் தலை உயர்ந்திருக்கும்படி பிடித்துக் கொடுங்கள். உறிஞ்சினால் வலிக்கிறது என்று குழந்தை மறுத்தால், பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் சிறிது சிறிதாகப் புகட்டலாம். பெரிய பிள்ளைகளுக்கு மெல்லும்போது வலிக்கும் என்பதால் கஞ்சி, இரசம் சாதம், இட்லியைப் பாலில் ஊறவைத்தது போன்றவை போதும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் இரண்டு சொட்டு விடலாம்.

காதுக்குள் எதுவும் வேண்டாம்

பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், வெதுவெதுப்பான நல்லெண்ணெய், துளசிச் சாறு, வெங்காயச் சாறு, தாய்ப்பால் என்று காதில் ஊற்றச் சொல்லாத பாட்டி நம் பக்கம் இல்லை. அவர்களுடைய அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஊற்றிய மறுநாள் வலி நின்றதை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஊற்றாவிட்டாலும் மறுநாள் பெரும்பாலும் வலி நின்றிருக்கும் என்பதை மேலே பார்த்தோம். தொற்று இருப்பது செவிப்பறைக்குப் பின்னால். மூடிய கதவுக்கு வெளியே ஊற்றுவது உள்ளறைக்குப் போய்ச் சேராது. கதவு திறந்திருந்தால், அதாவது செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால், எண்ணெயும் அதோடு போகும் கிருமியும் நேராக நடுக்காதுக்குள் இறங்கிவிடும். அதோடு, காலையில் மருத்துவர் கருவியை வைத்துப் பார்க்கும்போது எண்ணெய்ப் படலம் செவிப்பறையை மறைத்துவிடும். வீட்டில் பெரியவர்களிடம் வாதாடுவதைவிட, "டாக்டர் பார்க்க வேண்டும், அதுவரை ஊற்ற வேண்டாம் ஆயா" என்று சொல்வது எளிதாகப் பலிக்கிறது.

பட்ஸ், கொண்டை ஊசி, கோழி இறகு ஆகியவற்றுக்கும் இதுவே பதில். முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்து மீந்துபோன காதுச் சொட்டு மருந்தையும் விடாதீர்கள்; அவற்றில் சில, ஓட்டை விழுந்த காதுக்குள் போனால் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடியவை.

காதிலிருந்து சீழ் வடிந்தால்

சில பிள்ளைகள் மணிக்கணக்கில் அழுதுவிட்டுத் திடீரென்று அமைதியாகித் தூங்கிவிடுவார்கள். காலையில் தலையணையில் மஞ்சள் நிறத்திலோ சற்று இரத்தம் கலந்தோ கறை இருக்கும். அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்து சீழ் வெளியேறியிருக்கிறது என்பது அதன் பொருள். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் அந்த ஓட்டை சில வாரங்களில் தானாக மூடிவிடும். ஆனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதைப் பஞ்சால் அடைக்காமல் வெளியே வடிவதை மட்டும் துடைத்துவிடுங்கள். காதைத் திரி வைத்து உலர்த்த மருத்துவர் சொன்னால், சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக உருட்டிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்து, புதிய திரி உலர்ந்தே வெளிவரும்வரை மாற்ற வேண்டும். இதை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது செய்ய வேண்டும். தலைக்குக் குளிப்பதும் குளத்திலோ கடலிலோ இறங்குவதும் காது ஆறும்வரை கூடாது. 14 நாட்களுக்கு மேலும் வடிந்தால் அது நாட்பட்ட காதுநோய். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

விடிந்த பிறகு

6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரு காதிலும் வலியுள்ள 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை, சீழ் வடியும் பிள்ளை, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடிக்கும் பிள்ளை ஆகியோரை வலி குறைந்திருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு, இரண்டு மூன்று நாட்களில் வலி குறையாவிட்டால் காட்டினால் போதும். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதாமல் "இரண்டு நாள் பார்ப்போம்" என்று சொன்னால் அவர் அலட்சியப்படுத்துகிறார் என்று எண்ணி வேறொருவரைத் தேடி ஓட வேண்டாம். எழுதிக் கொடுத்தால், பொடியாக வரும் அந்தப் புட்டியில் கொதித்து ஆறிய நீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கி, அட்டையில் உள்ளபடி பாதுகாத்து, மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்து, மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

வலி போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் சில வாரங்கள் தங்கியிருக்கலாம். அந்நாட்களில் பிள்ளை கூப்பிட்டால் திரும்பாமலும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டியும் வைத்தால், பிடிவாதம் என்று திட்டாதீர்கள். உண்மையிலேயே காது மந்தமாகக் கேட்கும். எதிரே நின்று முகம் பார்த்துப் பேசுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையானால் முன் வரிசையில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். 3 மாதம் கழிந்தும் அப்படியே இருந்தால் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும்.