வேதாகம ஓரத்தில் ஒரு தேதி

ஜெபிக்கவே மனம் வராத நாட்களில் நீளமாக ஜெபிக்க முயல வேண்டாம். வேதாகமத்தில் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனங்கள். தாவீது தொடக்கத்திலேயே நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்டுவிடுகிறார். தேவனிடம் இப்படிக் கேட்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு அதுவே அனுமதி. வாசித்து முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் அன்றைய தேதியையும் கவலையையும் குறியுங்கள்: "வேலை போயிற்று", "அம்மாவுக்கு ஆபரேஷன்". இரண்டு சொல் போதும். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறிவிடும்.

அந்தக் குறிப்பு கஷ்ட காலத்தைவிட, சுகமான காலத்தில்தான் அதிகம் உதவும். சம்பளம் ஒழுங்காக வந்து, வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதுதான் ஜெபம் சத்தமில்லாமல் நழுவுகிறது, எனக்கு அப்படித்தான். வேதாகமத்தில் வரும் லவோதிக்கேயாவும் இப்படித்தான்; இன்றைய துருக்கியில் இருந்த பணக்கார ஊர். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவியில்லாமல் தன் கைப்பணத்தாலேயே எழுந்து நின்றது. அந்த ஊர்ச் சபைதான் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொல்லி, குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாய் இருக்கிறாய் என்று கடிந்துகொள்ளப்பட்டது (வெளிப்படுத்தின விசேஷம் 3:16, 17).

ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனைக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் பழைய தேதிகளைப் புரட்டுங்கள். தீர்ந்த கவலைக்குப் பக்கத்தில் "எபெனேசர்" என்று எழுதுங்கள்; "உதவியின் கல்" என்று பொருள், "இம்மட்டும் கர்த்தர் உதவினார்" என்று சொல்லி சாமுவேல் நிறுத்திய கல்லின் பெயர். தீராததை அழிக்காமல் அப்படியே விட்டுவைத்து, அதன்கீழ் இன்றைய தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.