'உணர்கிறேன்' என்று எழுதும் முன்

"எனக்கு அசதியா இருக்கு" என்று பேசுகிற அதே ஆள், எழுத உட்கார்ந்ததும் "நான் அசதியாக உணர்கிறேன்" என்கிறார். மொழிபெயர்ப்புகளைப் படித்துப் படித்துக் கை பழகிப்போனதுதான் காரணம். திருத்துவது எளிது.

எழுதியதைத் திறந்து 'உணர்' என்று தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முந்தைய சொல்லைப் பாருங்கள். 'ஐ' உருபு ஏற்ற பெயர் இருந்தால் விட்டுவிடலாம்: தவற்றை உணர்ந்தான், உள்ளங்கையில் சூட்டை உணர்ந்தாள். 'ஆக' என்று முடியும் சொல் இருந்தால் வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். தமிழில் உணர்தல், அறிதலுக்கு நெருங்கிய சொல். 718ஆம் குறளில் வரும் 'உணர்வ துடையார்' தாமே அறிந்துகொள்ளும் ஆற்றல் உள்ளவர்கள்.

மாற்றும்போது 'நான்' 'எனக்கு' ஆகும், வினை 'இருந்தது' ஆகும். பாதி மட்டும் மாற்றினால் "எனக்கு மகிழ்ச்சியாக உணர்ந்தேன்" என்று கால் ஒடிந்த வாக்கியம் மிஞ்சும். இடையில் மிகும் ஒற்றெழுத்தையும் மறக்காதீர்கள்: எனக்குக் கோபம், எனக்குச் சலிப்பு, எனக்குத் துக்கம், எனக்குப் பயம்.

எல்லா இடத்திலும் 'இருந்தது' போட்டாலும் தவறுதான். "அவளுக்குக் கோபமாக இருந்தது" என்பது உள்ளே நீடிக்கும் நிலை. "கோபம் வந்தது" என்றால் அது தொடங்கிய கணம். "கோபப்பட்டாள்" என்றால் பெரும்பாலும் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 'அதிர்ச்சி அடைந்தார்' செய்தித்தாள் நடை. கதையில் வந்தால் பாத்திரம் விலகிப்போகும். கதையை முருகன் பார்வையில் சொல்லும்போது "வள்ளிக்கு வருத்தமாக இருந்தது" என்று எழுதினால், முருகனுக்குத் தெரியாததை ஆசிரியர் புகுந்து சொல்வதாகிவிடும். அங்கே "வள்ளியின் முகம் வாடியது" போதும்.

சில தொடர்களுக்குச் சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, என்ன சொல்ல வந்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். "பெண்கள் பாதுகாப்பாக உணர வேண்டும்" என்பதன் பொருள், பெண்கள் பயமின்றி நடமாட வேண்டும் என்பதே. "தனிமையாக உணர்ந்தபோது" என்பதை "தனிமை வாட்டியபோது" என்று எழுதலாம்.

"என்று உணர்கிறேன்" இன்னும் ஆபத்தானது. "அவன் திருடன் என்று உணர்ந்தேன்" என்றால் அவன் திருடன் என்பது உறுதியாகிவிட்டது. வெறும் ஐயமென்றால் "என்று தோன்றியது", "என்று பட்டது" என எழுதுங்கள். கருத்துக் கட்டுரைகளில் இந்த ஒரு பிழை, எழுதியவர் நினைக்காத குற்றச்சாட்டையே உண்டாக்கிவிடும்.

பெயர்ச்சொல்லில் குழப்பம் குறைவு. புலனும் பொறுப்பும் 'உணர்வு': தொடு உணர்வு, பொறுப்புணர்வு. பொங்கி எழுவது 'உணர்ச்சி': உணர்ச்சிவசப்பட்டான். 'குற்ற உணர்வு', 'குற்ற உணர்ச்சி' இரண்டும் வழக்கில் உள்ளன. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

உணர்ச்சியின் பெயரே தேவைப்படாத இடங்களும் உண்டு. கெட்ட செய்தி கேட்டால் பகீரென்கிறது. சொல் குத்தினால் சுருக்கென்கிறது. தேர்வு முடிவுக்கு முன் வயிற்றைக் கலக்குகிறது, அழுகையை அடக்கினால் தொண்டை அடைக்கிறது. இவற்றில் ஒன்றை எழுதிவிட்டால், பக்கத்திலேயே "பயத்தை உணர்ந்தான்" என்று விளக்கம் வைக்காதீர்கள்.