ஐந்து லட்சத்துக்கு ஒரு பழைய எஸ்யூவி: கையைச் சுடும் தவறுகள்

2015 மாடல் மஹிந்திரா எக்ஸ்யூவி500. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், மேலே சன்ரூஃப், அன்றைக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி. இன்று ஐந்து லட்சத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் மனசு ஆடாது? ஆனால் மூன்றில் ஒன்றாக இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான். அதன் கிளட்ச் செட்டோ, டர்போவோ, இன்ஜெக்டரோ, டயரோ ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. ஐந்து லட்சத்துக்கு வாங்கினாலும் அது பதினைந்து லட்ச வண்டியைப் போலத்தான் செலவு கேட்கும்.

இதை மறந்து, கையில் இருக்கும் ஐந்து லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஐந்து லட்சம் இருந்தால் நாலேகால் லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மிச்சப் பணத்துக்குச் செலவு தானாக வந்து நிற்கும்: பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், பேட்டரி, பிரேக் பேடு, எல்லா ஆயிலும் ஃபில்டரும். அப்புறம் டயர். இந்த அளவு வண்டிக்கு நான்கு டயரும் மாற்றினால் நாற்பதாயிரத்தை ஒட்டி ஆகிவிடும். பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடுகள், நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. அந்த டயர் தேயாவிட்டாலும் இறுகிப்போயிருக்கும்.

அடுத்தது, மாடல் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது. "எக்கோஸ்போர்ட் நல்ல வண்டியா?" என்று கேட்டால் எந்த எக்கோஸ்போர்ட் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். மறைமலை நகரில் 2013 முதல் தயாரான அந்த ஃபோர்டு வண்டி கட்டுமானத்தில் கெட்டி. 1.5 டீசல் மேனுவல் என்றால் நான் தைரியமாகப் பார்ப்பேன். ஆனால் 2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது பவர்ஷிப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். அதே பெயருள்ள கியர்பாக்ஸுக்காக அமெரிக்காவில் ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் வைத்திருந்தவர்கள், அது கோளாறு என்று வழக்கே போட்டார்கள். 2017 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்ற வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு மாறிவிட்டார்கள். பெயர் ஒன்று, வண்டி வேறு. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது பழைய வண்டியின் விலையிலும் தெரியும். அதனால் வாங்கும் முன் உங்கள் ஊரில் யார் அதைப் பார்ப்பார்கள், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிடுங்கள்.

ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரும் இப்படித்தான். மோசமான ரோட்டில் அது போகும் அழகே தனி. ஆனால் அதன் 1.5 டீசல் எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினையே பிரிக்க வேண்டியதாகிவிடும். லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் வண்டியில் பெல்ட் மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள். "மாத்தியாச்சு சார்" போதாது, பில் வேண்டும். 2016இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸாவின் 1.3 டீசலில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை. பார்க்க டஸ்டர் அளவுக்கு மிரட்டலாக இருக்காது. ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பார்ப்பார். கை இறுக்கமாக இருக்கும்போது எனக்கு அதுதான் முக்கியம்.

வண்டியை நேரில் பார்க்கப் போகும்போது நான் ஒருமுறை ஏமாற இருந்தேன். காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். போனால் வாசலில் வண்டி பளபளவென்று நிற்கிறது. உரிமையாளர் காபி கொடுத்தார். பேசிக்கொண்டே பானெட்டில் கை வைத்தேன், நல்ல சூடு. "பக்கத்துல பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு வந்தேன்" என்றார். சரி, இருக்கட்டும், சாயங்காலம் வருகிறேன், அதுவரை எடுக்காதீர்கள் என்று கிளம்பினேன். மாலையில் குளிர்ந்த எஞ்சினை அவர் நான்கு முறை செல்ஃப் அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது, பின்னால் புகை மண்டலம். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். அதனால் சொல்லாமல் அரை மணி முன்னதாகவே போய் நில்லுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்து, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாகத் துடித்தால் பரவாயில்லை. புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சினுக்குள் தேய்மானம் அதிகம். மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போவது இன்னும் நல்லது. விற்பவருடைய மெக்கானிக்கின் சான்றிதழ் வேண்டாம்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்புவது இன்னொரு தவறு. ஐம்பதாயிரம் ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணை வைத்துப் பழைய சர்வீஸ் விவரம் எடுத்துத் தரச் சொல்லி உரிமையாளரையே கேட்க வையுங்கள். இன்ஷூரன்ஸ் தாளையும் வாங்கிப் பாருங்கள். மூன்றாண்டு எதுவும் கிளெய்ம் செய்யாதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 35 சதவீதம், ஐந்தாண்டு ஆனால் 50. பல வருடமாக ஒரே உரிமையாளர், ஃபுல் இன்ஷூரன்ஸ், ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால் போன வருடம் என்ன நடந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனி ரகம். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் கிடந்தன என்று எல்லோருக்கும் தெரியும். அவையெல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் கவர் புதிதாக இருக்கும், வாசனைத் திரவியம் தூக்கலாக இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அதைக் கழற்றிக் கழுவ யாருக்கும் தோன்றாது, சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் விலை பேசவே வேண்டாம், ஒயரிங் கோளாறுக்கு முடிவே கிடையாது.

டெல்லி வண்டி மலிவு என்பார்கள். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்த பிறகு அப்படி வந்தவை நிறைய. அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, நம்ம ஊர் எண் எடுக்கும் செலவைக் கூட்டினால் மலிவு கரைந்துவிடும்.

ஆர்சியில் எச்பி, அதாவது வண்டி மேல் கடன் இருப்பதாகக் குறிப்பு, போட்டிருந்தால் பேங்க் என்ஓசியும் அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். "லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு" என்ற பேச்செல்லாம் ஆர்டிஓ ஆபீஸில் செல்லாது. எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் எச்பி, எஃப்சி (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், அதற்குப் பிறகு விபத்தானால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. வண்டியை எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் கேமராவில் சிக்கிய அபராதம் அவர் கணக்கு, பின்னால் வருவது உங்கள் கணக்கு.