புது பென் டிரைவா? முதலில் இதைச் செய்யுங்கள்

2 டிபி பென் டிரைவ் வெறும் 500 ரூபாய் என்று பார்த்தால் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். செருகியதும் 2 டிபி என்றே காட்டியது, பத்துப் பதினைந்து போட்டோ ஏற்றிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. அப்புறம் கல்யாண வீடியோக்களை மொத்தமாக ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருந்தது 32 ஜிபி சிப். டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் புரோகிராமை, மாற்றிப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவதுபோலவே ஓடும், ஃபைல் பெயர்கூடத் தெரியும், திறந்தால்தான் ஒன்றும் இருக்காது.

அதனால் எந்த டிரைவ் வாங்கினாலும், காலியாக இருக்கும்போதே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3) என்ற சாஃப்ட்வேரைப் போட்டுச் சோதித்துவிடுங்கள், இரண்டுமே இலவசம். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். மெதுவான 64 ஜிபி டிரைவ் என்றால் எழுதவே இரண்டு மணி நேரம் ஆகலாம், ஓட விட்டுச் சாப்பிடப் போங்கள். தேறாவிட்டால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆனால் 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம், அது மோசடி இல்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. பெட்டியில் பெரிய எண்ணாகப் போட வசதி, வேறென்ன!